தொன்மை யாருடைய சொத்து? கொலோன் நகரின் முதல் நூற்றாண்டுகளை முன்வைத்து

ஜெர்மனியின் மிகப் பழைய நகரம் எது என்னும் வழக்கு நெடுங்காலமாக நடந்துவருகிறது. தீர்ப்பு வருவதாக இல்லை. வர வேண்டுமென்று வழக்காடுவோர் விரும்புவதாகவும் தெரியவில்லை. டிரியர், ஆக்ஸ்பர்க், வோர்ம்ஸ், கெம்ப்டன், கொலோன் என ஒவ்வொரு நகரமும் தனக்கு வசதியான ஓர் அளவுகோலைக் கையில் வைத்திருக்கிறது. மோசெல் ஆற்றின் குறுக்கே அமைந்த மரப்பாலத்துக்கு மரம் வெட்டப்பட்ட ஆண்டை டிரியர் காட்டும். கிரேக்கப் புவியியலறிஞர் ஸ்ட்ராபோவின் நூலில் தன் பெயர் இருப்பதைக் கெம்ப்டன் காட்டும். டிரியருக்கு அதுவும் போதாமல் இடைக்காலத்தில் ஒரு புராணம் தேவைப்பட்டது. அசீரிய மன்னன் நீனஸின் மகன் டிரெபெட்டா வந்து நகரை நிறுவினானாம். உரோமைக்கு 1300 ஆண்டுகள் முன்பே டிரியர் இருந்ததாம். அந்நகரின் பெரிய சந்தைச் சதுக்கத்தை ஒட்டிய சிவப்பு வீட்டின் முகப்பில் இச்செய்தி இலத்தீனில் எழுதப்பட்டிருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் படமெடுத்துச் செல்கிறார்கள். யாருக்கும் தீங்கில்லை.

இதே தொன்மைக் கணக்கு ஆராய்ச்சியின் உடையணிந்து, 'இந்த மண் முதலில் யாருடையது' என்ற கேள்விக்கு விடையாக வரும்போதுதான் தீங்கு தொடங்குகிறது. அக்கேள்வியின் பொருத்தமின்மையைக் காண விரும்புவோர் கொலோன் நகரின் முதல் நான்கு நூற்றாண்டுகளைப் படிக்க வேண்டும். இந்திய வாசகர் பலருக்கு அந்நகரம் ஓடிகொலோன் புட்டியின் வழியாகவே அறிமுகம். அந்த நறுமண நீரைக்கூட 18ஆம் நூற்றாண்டில் அங்கே தயாரித்து விற்றவர் இத்தாலியிலிருந்து குடியேறிய ஃபரீனா என்பவர்.

கொலோனுக்கு அதிகாரபூர்வமான பிறந்த ஆண்டு ஒன்று உண்டு: கி.பி. 50. அதனை வைத்தே 1950இல், போரில் தரைமட்டமான பழைய நகரத்தின் இடிபாடுகளுக்கு நடுவே, 1900ஆம் ஆண்டு விழா எடுக்கப்பட்டது. ஆனால் நகரம் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இருந்தது. அந்த முந்தைய நகரமும் வெறும் நிலத்தில் எழவில்லை. கதையின் தொடக்கத்தில் இருப்பது ஓர் அழிவு.

கி.மு. 54ஆம் ஆண்டின் இறுதியில் ரைன் நதிக்கு மேற்கே வாழ்ந்த எபுரோனியர் என்ற குலத்தார், அம்பியோரிக்ஸின் தலைமையில், ஜூலியஸ் சீசரின் படைப்பிரிவு ஒன்றைச் சுற்றிவளைத்து அழித்தனர். மறு ஆண்டு சீசர் பழிதீர்த்தார். அண்டைக் குலத்தாரையெல்லாம் கொள்ளைக்கு அழைத்தார். அக்குலமும் அதன் பெயரும் இல்லாதொழிய வேண்டும் என்பதே தம் நோக்கம் எனத் தம் போர்க்குறிப்பில் தாமே எழுதிவைத்தார். எபுரோனியர் ஒருவர் மிச்சமின்றி மாண்டனரா என்பது தொல்லியலாளரிடையே விவாதத்துக்குரியது. அவர்களது பெயர் மட்டும் வரலாற்றிலிருந்து ஏறத்தாழ மறைந்தது. அந்த நிலப்பரப்புக்கு நதியின் கீழ்க்கரையிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் உபியர். உரோமின் நண்பர்களான இவர்கள் சுவேபியரின் நெருக்குதலுக்கு ஆளானவர்கள். இவர்களை மேற்குக் கரையில் குடியமர்த்தியவர் அகஸ்டசின் தளபதி அக்ரிப்பா. அவர் இருமுறை கால் நாட்டில் பொறுப்பு வகித்தார், குடியமர்த்தம் கி.மு. 38ஐ ஒட்டியதா, 19ஐ ஒட்டியதா என்பதில் அறிஞர்கள் பிரிந்து நிற்கின்றனர். எதுவானாலும், கொலோனின் 'பூர்வகுடிகள்' எனப்படுவோர் இன்னொரு குலம் துடைத்தெறியப்பட்ட நிலத்துக்கு இடம்பெயர்ந்து வந்தவர்கள்.

அவர்களது குடியிருப்பின் எச்சங்களுள் மிக உறுதியாகக் காலம் கணிக்கப்பட்டது, 1960களின் நடுப்பகுதியில் வெளிப்பட்ட ஒரு கற்கோபுரத்தின் அடிப்பகுதி. பெரிய சதுரக் கற்களை அடுக்கிக் கட்டிய அக்கோபுரத்துக்கு அடியில் கருவாலி மரக்கம்பங்கள் அறையப்பட்டிருந்தன. மரவளையக் கணிப்பின்படி அம்மரங்கள் கி.பி. 4–5ஆம் ஆண்டளவில் வெட்டப்பட்டவை. உபியர் நினைவுச்சின்னம் என்று அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். உண்மையில் அது துறைமுக முனையில் நின்ற காவல் கோபுரமாக இருக்கலாம். கட்டுமான நுட்பமோ முழுக்க உரோமானியர்களுடையது. உபியரின் பெயரைத் தாங்கிய சின்னத்தை உரோமானியக் கைகள் கட்டியிருக்கின்றன என்பதே அந்நகரின் நிலைமையை ஓரளவு சொல்லிவிடும்.

அதே காலத்தில் அங்கே பேரரசர் வழிபாட்டுக்கான பலிபீடம் ஒன்று எழுந்தது. எல்பே நதிவரை விரியவிருந்த ஜெர்மானியா மாகாணத்துக்கு அதுவே நடுவமாகும் என்பது திட்டம். கி.பி. 9இல் அர்மீனியஸின் தலைமையில் மூன்று உரோமப் படையணிகள் காட்டில் அழிக்கப்பட்டதும் திட்டம் கலைந்தது. அந்த ஆண்டு பலிபீடத்தின் பூசகராக இருந்த சேகிமுண்டுஸ் என்னும் கெருஸ்கி இளைஞர் தம் தலைப்பட்டையைக் கிழித்தெறிந்துவிட்டுக் கலகக்காரர்களிடம் ஓடிப்போனார் என்று டாசிட்டஸ் எழுதுகிறார். அவருடைய தந்தை உரோமின் பக்கம். ஒரே குடும்பத்தில் இரு பக்கங்கள். பலிபீடம் எங்கே நின்றது என்பதை எந்த அகழாய்வும் இதுவரை காட்டவில்லை.

கி.பி. 15இல் அக்குடியிருப்பில் பிறந்தவர் அக்ரிப்பினா. தளபதி ஜெர்மானிக்கசின் மகள், அக்ரிப்பாவின் பேத்தி, பின்னாளில் பேரரசர் கிளாடியசின் மனைவி, நீரோவின் தாய். கி.பி. 50இல் தாம் பிறந்த ஊருக்குப் படையிலிருந்து ஓய்வுபெற்ற வீரர்களை அனுப்பி, அதனை உரோமக் 'கொலோனியா'வாக உயர்த்தச் செய்தார். தம் செல்வாக்கை நட்பு இனங்களுக்கும் காட்டவே அவர் அவ்வாறு செய்தார் என்பது டாசிட்டசின் கணிப்பு. கொலோனியா கிளாடியா ஆரா அக்ரிப்பினென்சியம் என்ற நீண்ட பெயரில் பேரரசரும் பலிபீடமும் அரசியும் இடம்பெற்றனர். காலப்போக்கில் மூவரும் உதிர்ந்து, வகைப்பெயர் மட்டுமே எஞ்சியது. கொலோன் என்றால் 'குடியேற்றம்' என்றே பொருள். இதே இலத்தீன் சொல் ஆங்கிலத்தின் வழியாக இந்தியாவுக்கு வந்து 'காலனி' ஆயிற்று. தில்லியில் அது வீட்டுமனைப் பகுதியைக் குறிக்கிறது. தமிழகத்தில் சாதியால் ஒதுக்கப்பட்டோர் வாழிடத்தின் பெயராகி இழிவின் சுமையையும் ஏற்றது. ரைன் கரையில் சட்ட உரிமையின் உச்சமாக இருந்த ஒரு சொல்லுக்கு நேர்ந்த பயணம் தனி ஆய்வுக்கு உரியது.

இனி, கி.பி. 70. நகரம் கொலோனியா ஆகி இருபது ஆண்டுகளே ஆகியிருந்தன. நீரோவின் மறைவுக்குப் பின் உரோமில் உள்நாட்டுப் போர். அந்த இடைவெளியில் பட்டாவியர் தலைவர் சிவிலிஸ் தொடங்கிய கலகம் ரைன் முழுவதும் பரவி, கொலோனும் வேறு வழியின்றிக் கலகக்காரர் பக்கம் சேர்ந்திருந்தது. அவ்வேளையில் நதிக்கு அப்பால் வாழ்ந்த டெங்க்டெரி குலத்தாரின் தூதர்கள் நகர மன்றத்துக்கு வந்தனர். டாசிட்டசின் 'வரலாறுகள்' நூலின் 4ஆம் புத்தகம் அவர்களுடைய கோரிக்கைகளை விரிவாகத் தருகிறது. ஜெர்மானியரின் உடலோடும் பெயரோடும் நீங்கள் மீண்டும் இணைந்தமைக்கு நம் தெய்வங்களுக்கு நன்றி என்று தொடங்குகிறார்கள். பிறகு நிபந்தனைகள். அடிமைத்தனத்தின் அரண்களான மதில்களை இடிக்க வேண்டும். அடைத்து வளர்த்தால் காட்டு விலங்குகூடத் தன் வீரத்தை மறந்துவிடும் அல்லவா? உங்கள் எல்லைக்குள் இருக்கும் உரோமானியர் அனைவரையும் கொல்ல வேண்டும். அவர்களது உடைமை பொதுவாக வேண்டும். முன்னோர் காலத்தில் இருந்ததுபோல் இரு கரைகளும் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும்.

தூய்மைவாத அரசியலின் சொற்கோவை ஈராயிரம் ஆண்டுகளில் அதிகம் மாறவில்லை. இழந்த ஒற்றுமை, அதைப் பிரிக்கும் சுவர், உள்ளே புகுந்த அந்நியர், திரும்ப வேண்டிய பொற்காலம் என்னும் நான்கு கூறுகளும் இவ்வுரையில் இருக்கின்றன.

மன்றம் உடனே பதில் சொல்லவில்லை; காலம் கேட்டது. மறுக்கும் வலிமை அதற்கு இல்லை, ஏற்கும் மனமும் இல்லை. பிறகு வந்த விடை ஒரு சிறந்த வழக்கறிஞரின் வேலை. உறவை ஒப்புக்கொண்டார்கள்: நாமெல்லோரும் ஒரே குருதி, சேர்வதில் மகிழ்ச்சி. மதிலைப் பற்றி: உரோமப் படைகள் திரண்டுவரும் நேரத்தில் அதை இடிப்பதைவிட உயர்த்துவதே பாதுகாப்பு. கொல்லச் சொன்ன உரோமானியரைப் பற்றிய பகுதிதான் முக்கியமானது. வெளியிலிருந்து அண்மையில் வந்திருந்தவர்களைப் போர் கொண்டுபோய்விட்டது, அல்லது தத்தம் ஊருக்கு ஓடிவிட்டார்கள். முன்பே குடியமர்த்தப்பட்டு நம்மோடு மணவுறவு கொண்டவர்களுக்கும் அவர்களுக்குப் பிறந்தவர்களுக்கும் இதுவே தாய்நிலம். எங்கள் பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் பிள்ளைகளையும் நாங்களே கொல்ல வேண்டுமென்று நினைக்கும் அளவுக்கு நீங்கள் நீதியற்றவர்கள் என நாங்கள் கருதவில்லை.

சலுகையும் கொடுத்தார்கள். வணிகத்தின் மீதான வரியும் தடைகளும் நீக்கப்படும். காவலின்றி நதியைக் கடக்கலாம், ஆனால் பகலில் மட்டும், ஆயுதமின்றி, இப்புதிய ஏற்பாடு பழகி வழக்கமாகும் வரையில். நடுவர்களாகச் சிவிலிசும் வெலேடா என்ற குறிசொல்லும் பெண்ணும் ஏற்கப்பட்டனர். உயர்ந்த கோபுரமொன்றில் வாழ்ந்த வெலேடாவை நேரில் காணத் தூதர்களுக்கு அனுமதி இல்லை. உறவினர் ஒருவர் கேள்வியையும் விடையையும் சுமந்து ஏறி இறங்கினார். ஒப்பந்தம் நிறைவேறியது.

இவ்வுரைகளைச் சொல்லுக்குச் சொல் நிகழ்ந்தவையாகக் கொள்ளலாகாது. பண்டைய வரலாற்றாசிரியர்களின் வழக்கப்படி இவை டாசிட்டஸ் இயற்றியவை. இருப்பினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உரோமின் மேட்டுக்குடியைச் சேர்ந்த அவர், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குள் எழுதும்போது, அந்நகரத்தாரின் வாயில் வைக்கத்தக்க மிக இயல்பான வாதமாகக் கருதியது எது? உரோமின் பெருமையோ சட்டமோ அன்று, திருமணம். ஓய்வுபெற்ற வீரர்கள் வந்து இருபது ஆண்டுகளில் 'அவர்கள்', 'நாங்கள்' என்ற வேறுபாடு வீட்டுக்குள் கரைந்துபோயிருந்தது என்பதை வாசகர் நம்புவார் என்று அவர் எதிர்பார்த்தார்.

இதைக் காட்டி உபியரைப் பன்மைப் பண்பாட்டின் முன்னோடிகளாக்கிச் சிலைவைக்க நினைப்போர் அடுத்த சில பக்கங்களையும் புரட்ட வேண்டும். உரோமின் கை ஓங்கியதும் கொலோன் மீண்டும் பக்கம் மாறியது. நகர வீடுகளில் தங்கியிருந்த ஜெர்மானியர்கள் கொல்லப்பட்டனர். டோல்பியாக்கம் என்ற ஊரில் இருந்த சிவிலிசின் படைப்பிரிவுக்கு விருந்தும் மதுவும் அளித்து மயக்கி, கதவுகளை அடைத்துத் தீ வைத்தனர். பெற்றோரையும் பிள்ளைகளையும் கொல்ல முடியாது என்று உருகியவர்கள், உறவினர் என்று தாங்களே அழைத்தவர்களை எரித்தார்கள். கலப்பு ஒரு சமூகத்தை நல்லதாக்கிவிடும் என்பதற்கு இதில் சான்று இல்லை. கலப்பைப் பிரித்தெடுக்க முடியாது என்பதற்கு மட்டுமே சான்று இருக்கிறது.

தேசியவாதம் இக்கதையை விரும்பாததில் வியப்பில்லை. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனிக்கு அர்மீனியஸ்தான் வேண்டியிருந்தார்; 1875இல் டெட்மோல்ட் அருகே அவருக்கு வாளேந்திய பேருருவச் சிலை எழுந்தது. பக்கம் மாறியவர்கள், கலந்தவர்கள், வரியைக் குறைத்து உயிரைக் காத்துக்கொண்டவர்கள் ஆகியோருக்குச் சிலை எழுவதில்லை.

கொலோனின் மற்றொரு 'முதல் ஆண்டு' அண்மையில் பெரிதும் பேசப்பட்டது. கி.பி. 321 டிசம்பர் 11ஆம் நாளிட்ட பேரரசர் கான்ஸ்டன்டைனின் ஆணை, கொலோன் நகர மன்றத்தாருக்கு முகவரியிடப்பட்டது. யூதர்களை நகர மன்றத்துக்கு அழைக்க எல்லா மன்றங்களுக்கும் அது அனுமதி தருகிறது. ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே யூதர் இருப்பைக் காட்டும் மிகப் பழைய எழுத்துச் சான்று இதுவே என்ற அடிப்படையில், 2021ஆம் ஆண்டு 'ஜெர்மனியில் 1700 ஆண்டு யூத வாழ்வு' என்று நாடெங்கும் கொண்டாடப்பட்டது.

ஆணையின் வாசகத்தைப் படித்தால் கொண்டாட்டத்தின் தொனி சற்றுத் தடுமாறும். மன்ற உறுப்பினர் பதவி அன்று பெருமையைவிடச் சுமையே ஆகியிருந்தது. வரி வசூலில் குறை ஏற்பட்டால் உறுப்பினரின் சொந்தச் சொத்திலிருந்து ஈடுசெய்ய வேண்டும். வசதியுள்ளோர் அப்பதவியிலிருந்து தப்பிக்க வழிதேடினர். அதுவரை அச்சுமையிலிருந்து விலக்குப் பெற்றிருந்த யூதர்களின் விலக்கையே இந்த ஆணை நீக்குகிறது. பழைய வழக்கத்தின் ஆறுதலாக இரண்டு மூன்று பேருக்கு மட்டும் விலக்குத் தொடரலாம் என்று முடிகிறது. இது வரவேற்புப் பத்திரம் அன்று, வரித்துறைக் கடிதம். இதிலிருந்து உறுதியாகப் பெறக்கூடியது, மன்றச் சுமையைத் தாங்கும் அளவுக்குச் சொத்துடைய யூதர்கள் நகரில் இருந்தார்கள், அல்லது இருக்கக்கூடும் என அரசு கருதியது என்பதே. அவர்கள் எப்போது வந்தார்கள், 321க்குப் பின் என்ன ஆனார்கள் என்பதை அது சொல்லவில்லை. அதற்கும் 11ஆம் நூற்றாண்டின் யூதச் சமூகத்துக்கும் இடையில் தொடர்ச்சி உண்டா என்பது, தொழுகைக்கூடத்தின் அடியில் உள்ள சுவர்களின் வயதைப் பற்றிய கடுமையான விவாதமாக நீடிக்கிறது. 'ஜெர்மனி' என்ற ஒன்று 321இல் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த ஆணை நமக்குக் கிடைத்ததுகூடக் கொலோன் அதைக் காத்துவைத்ததால் அன்று. ஒரு நூற்றாண்டுக்குப் பின் கான்ஸ்டான்டிநோபிளில் இரண்டாம் தியோடோசியசின் சட்ட அறிஞர்கள் பழைய ஆணைகளைத் தொகுத்தபோது இதையும் சேர்த்தனர்; அத்தொகுப்பின் பழம்பிரதி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. கொலோன் நகர ஆவணக் காப்பகமோ, 2009 மார்ச் 3 அன்று, அருகில் நடந்த சுரங்க ரயில் பணியின் விளைவாகச் சரிந்து விழுந்தது. இருவர் இறந்தனர், சுமார் 30 கிலோமீட்டர் நீள அலமாரிகளில் இருந்த ஏடுகள் சேற்றிலும் நிலத்தடி நீரிலும் புதைந்தன. பெரும்பகுதி மீட்கப்பட்டபோதிலும் சீரமைப்பு பல பத்தாண்டுகள் நடக்கும். ஓர் இனம் எப்போது 'முதன்முதலில்' இருந்தது என்பது பல வேளைகளில் எந்தத் தாள் நனையாமல் தப்பியது என்பதைப் பொறுத்தது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது எளிதில் தள்ளத்தக்கதன்று. யூதர்களை அந்நியர் என்று சொல்லி அழித்த நாட்டில், கிறித்தவம் வேரூன்றும் முன்பே அவர்கள் இங்கு இருந்தார்கள் என்று உரக்கச் சொல்வது அறவழிப்பட்ட செயல் அல்லவா? ஆம். 2021இன் விழா பலருக்குக் கற்றுத்தந்தது. ஆயினும் அந்த வாதம் எதிராளியின் விதியை ஏற்றுக்கொண்டே ஆடுகிறது: முந்தி வந்தவருக்கே உரிமை என்பது அவ்விதி. 1424இல் கொலோன் மன்றம் யூதர்களை வெளியேற்றியபோது, 1100 ஆண்டுத் தொன்மை யாரையும் காக்கவில்லை. எந்த மன்றத்துக்குள் அவர்களை அழைக்கலாம் என்று கான்ஸ்டன்டைன் எழுதினாரோ, அதே நகரின் மன்றம் அவர்களைத் துரத்தி, தொழுகைக்கூடத்தைத் தன் சிற்றாலயமாக மாற்றிக்கொண்டது. இன்று ஜெர்மனியில் வாழும் யூதர்களில் பெரும்பான்மையோர் 1990க்குப் பின் முன்னாள் சோவியத் நாடுகளிலிருந்து வந்தவர்களும் அவர்தம் பிள்ளைகளும் ஆவர். அவர்களது உரிமை 321ஐச் சார்ந்ததென்றால், அது மிக மெல்லிய நூலில் தொங்குகிறது.

அந்த நூலும் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். ரைனின் கீழ்க்கரையில், டெங்க்டெரியர் பக்கம் என்று சொல்லத்தக்க மியூல்ஹைம் பகுதியில், துருக்கிய வணிகர் நிறைந்த கொய்ப் தெரு இருக்கிறது. 2004 ஜூன் 9 அன்று அங்கே வெடித்த ஆணிக்குண்டு 22 பேரைக் காயப்படுத்தியது. குண்டு வைத்தவர்கள் நவநாசிகள் என்பது 2011இல்தான் வெளிப்பட்டது; அதுவரை காவல்துறையின் ஐயம் அத்தெருவாசிகளின் மேலேயே சுற்றிவந்தது. அவர்களுக்குக் காட்ட எந்தத் தியோடோசியத் தொகுப்பிலும் ஆணை இல்லை.

ஐரோப்பிய வரலாறு கற்பிப்போர் செய்யக்கூடிய சிறு மாற்றம் ஒன்று உண்டு. டாசிட்டஸ் என்றால் மாணவர் கையில் முதலில் கொடுக்கப்படுவது 'ஜெர்மானியா' என்னும் சிறுநூல். ஜெர்மானியர் பிற இனங்களோடு மணவுறவால் கலக்காத தனி மக்கள் என்ற கருத்தை அதன் 4ஆம் இயல் முன்வைக்கிறது. இனவாதிகள் அந்த இயலைத் தலைமேல் தூக்கிவைத்துக்கொண்டார்கள். 1943இல் அந்நூலின் பழம்பிரதியைக் கைப்பற்ற ஹிம்லரின் ஆட்கள் இத்தாலியின் மாளிகை ஒன்றைச் சோதனையிட்டனர். அதே நூலின் 28ஆம் இயல் உபியரைப் பற்றிப் பேசுகிறது: தங்கள் பிறப்பை அவர்கள் மறைப்பதில்லை, ஆனால் அக்ரிப்பினென்சியர் என்று அழைக்கப்படவே விரும்புகிறார்கள். அதே ஆசிரியரின் 'வரலாறுகள்' நூலில்தான் கொலோன் மன்றத்தின் விடையும் டோல்பியாக்கத்தின் தீயும் இருக்கின்றன. இம்மூன்று பகுதிகளும் சேர்ந்து சில பக்கங்களே வரும். ஒரே வகுப்பில் படித்துவிடலாம்.